காந்தப்புயலும் திருநெல்வேலி வானமும்: மேல் அயனி மண்டலத்திலும் பிளாஸ்மா மண்டலத்திலும் என்ன நடக்கிறது?

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவர்கள் கேட்டதாக நீங்கள் எழுதியனுப்பிய கேள்விகள் மூன்று. 2024 மே 10, 11 தேதிகளில் ஏற்பட்ட பெரும் காந்தப்புயலின்போது லடாக்கில் ஹான்லேயின் அடிவானம் சிவந்தது, பாளையங்கோட்டையில் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அப்படியானால் புயல் நம் பக்கம் வரவே இல்லையா என்பது முதல் கேள்வி. அயனி மண்டலத்தின் மேற்பகுதியிலும் அதற்கு மேலே இருக்கும் பிளாஸ்மா மண்டலத்திலும் புயலின்போது அடர்த்தி கூடுமா, குறையுமா என்பது இரண்டாவது. புயல் ஓரிரு நாளில் ஓய்ந்துவிட்ட பிறகும் மேலே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப ஏன் அவ்வளவு நாள் ஆகிறது என்பது மூன்றாவது.

முதல் கேள்விக்கு விடை, புயல் நம் பக்கமும் வந்தது என்பதே. ஒளியாக வராமல் மின்புலமாக வந்தது. இரண்டாவது கேள்விக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு உயரத்தில், காந்த நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் என்ற மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் விடை உண்டு. மூன்றாவது கேள்வியைக் கேட்ட பிள்ளையைப் பாராட்ட வேண்டும். அயனி மண்டலத்தையும் பிளாஸ்மா மண்டலத்தையும் பிணைத்திருக்கும் உறவு அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் மேலே இருப்பவற்றைப் பார்த்துவிடுவோம். தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் தொடங்குகிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்தும் மூலக்கூறுகளிலிருந்தும் எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுவதால், அங்கே நடுநிலைக் காற்றோடு அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து கிடக்கின்றன. இந்தக் கலவையில் எலக்ட்ரான்கள் மிக அடர்ந்திருக்கும் இடம் 250 முதல் 400 கிலோமீட்டர் வரையிலான எஃப் அடுக்கு. நல்ல பகலில் அங்கே ஒரு கன சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் எலக்ட்ரான்கள் வரை இருக்கும். அந்த உச்சிக்கு மேலே அடர்த்தி மெல்லமெல்லக் குறைகிறது. உச்சியை ஒட்டி ஆக்சிஜன் அயனிகளே மிகுந்திருக்கின்றன. இன்னும் மேலே போகப்போக, பல நூறு கிலோமீட்டர் தாண்டி, ஆக்சிஜனின் இடத்தை ஹைட்ரஜன் அயனிகள், அதாவது வெறும் புரோட்டான்கள், பிடித்துக்கொள்கின்றன. இந்த இடைப்பட்ட பகுதியைத்தான் மேல் அயனி மண்டலம் என்கிறோம்.

அதற்கும் மேலே, புவியின் காந்தப்புலக் கோடுகளுக்குள் சிக்கி, புவியோடு சேர்ந்தே சுழலும் குளிர்ந்த பிளாஸ்மாவின், அதாவது அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்த வளிமத்தின், பெரும் வளையம் இருக்கிறது. அதுதான் பிளாஸ்மா மண்டலம். குளிர்ந்தது என்றாலும் அதன் வெப்பநிலை ஆயிரக்கணக்கான டிகிரி. சுற்றியுள்ள காந்தமண்டலத்தின், அதாவது புவியின் காந்தப்புலம் ஆளும் வெளியின், துகள்களோடு ஒப்பிடும்போதுதான் அது குளிர்ச்சி. புவி மையத்திலிருந்து இரண்டு புவி ஆரத் தொலைவில் கன சென்டிமீட்டருக்குச் சில ஆயிரம் துகள்கள் இருக்கும். அமைதியான நாள்களில் நான்கைந்து ஆரத் தொலைவிலோ அதற்கு அப்பாலோ அந்த அடர்த்தி சட்டென்று சரிந்து, ஒன்று, பத்து என்ற கணக்குக்கு வந்துவிடும். இவ்வளவு கூர்மையான விளிம்பு அங்கே இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. மின்னலில் பிறந்து காந்தப்புலக் கோட்டின் வழியே ஒரு அரைக்கோளத்திலிருந்து மற்றதற்குப் போகும் சீழ்க்கை அலைகளை ஆராய்ந்த ஓவன் ஸ்டோரி, அவ்வளவு உயரத்திலும் எலக்ட்ரான்கள் தாராளமாக இருக்க வேண்டும் என்று 1953இல் காட்டினார். 1959இல் சோவியத்தின் லூனா விண்கலங்களில் கருவி அனுப்பிய கான்ஸ்டன்டின் கிரிங்கௌஸ் அங்கே நேரடியாக அளந்தார். 1963இல் டொனால்ட் கார்ப்பென்டர் அதே சீழ்க்கை அலைகளைக் கொண்டு விளிம்பை உறுதிப்படுத்தினார்.

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். நம் ஊர் புவியியல் நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. ஆனால் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்கு முற்றிலும் இணையாகக் கிடக்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டியே செல்வதால், காந்தவியல் கணக்கில் நாம் நடுக்கோட்டின் மீதே குடியிருக்கிறோம் எனலாம். மேலும் கீழும் சாயும்படி தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே ஏறக்குறையக் கிடைமட்டமாகவே நிற்கும். 1963இல் ராக்கெட் ஏவுதளத்துக்குத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில், கிருஷ்ணாபுரத்தில், நடுக்கோட்டுப் புவி இயற்பியல் ஆய்வகத்தை நடத்திவருவதும் இதே காரணத்தால்தான். உலகில் இப்படி நிலப்பரப்பின் மீது காந்த நடுக்கோடு கடக்கும் இடங்கள் குறைவு. தென் அமெரிக்காவில் பெரு, பிரேசில் போன்றவை, ஆப்பிரிக்காவில் சில நாடுகள், ஆசியாவில் நாம், தென்கிழக்கே சில இடங்கள், அவ்வளவே. பிள்ளைகள் இதை அறிந்திருக்க வேண்டும். துருவ ஒளியைப் பார்க்க நார்வேக்குப் போகிறவர்கள், நடுக்கோட்டு அயனி மண்டலத்தைப் படிக்க நம் ஊருக்கு வர வேண்டியிருக்கிறது.

புலக்கோடு கிடைமட்டமாக இருப்பதால் என்ன வேறுபாடு? இரண்டு விளைவுகள் உண்டு. தரையிலிருந்து 105 கிலோமீட்டர் உயரத்தில், காந்த நடுக்கோட்டின் இருபுறமும் மூன்று பாகை அகலத்துக்குள், பகல் முழுவதும் கிழக்கு நோக்கி ஒரு வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. இதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்று பெயர். நமக்கு நேர் மேலே ஓடும் இந்த மின்தாரையால், நண்பகலில் இங்குள்ள காந்தமானியின் கிடைப்புல (கிடைமட்டக் காந்தப்புல) அளவு பல பத்து நானோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) உயர்ந்து, சில நாள்களில் நூறைத் தொட்டு, மாலையில் இறங்குகிறது. இரண்டாவது விளைவு இன்னும் முக்கியமானது. பகலில் இங்குள்ள மின்புலம் கிழக்கு நோக்கியது. காந்தப்புலம் வடக்கு நோக்கியது. இரண்டும் சேர்ந்து பிளாஸ்மாவை மேல்நோக்கித் தள்ளுகின்றன. நொடிக்கு இருபது, முப்பது மீட்டர் வேகத்தில் ஏறும் பிளாஸ்மா, ஓர் உயரத்துக்கு மேல் போனதும் ஈர்ப்பாலும் அழுத்த வேறுபாட்டாலும் புலக்கோட்டைப் பிடித்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் இறங்கிவிடுகிறது. நமக்கு மேலே 700, 800 கிலோமீட்டரில் புறப்படும் கோடு, எஃப் அடுக்கின் உயரத்துக்கு இறங்கும்போது காந்த அட்சம் 15 பாகையை எட்டியிருக்கும். ஆகவே சூரியன் உச்சியில் காயும் நம் ஊரின் மேலே எலக்ட்ரான் அடர்த்தி ஒரு பள்ளமாகவும், அகமதாபாத், போபால் பக்கம் ஒரு மேடாகவும் அமைகின்றன. இதை நடுக்கோட்டு ஊற்று விளைவு என்பார்கள். புயல் வந்து கலைப்பது இந்த அன்றாட ஏற்பாட்டைத்தான்.

காந்தப்புயல் என்பது சூரியனிலிருந்து வெடித்துவரும் பிளாஸ்மாத் திரள், தனக்குள் தெற்கு நோக்கிய காந்தப்புலத்தைச் சுமந்துகொண்டு புவியை மோதுவதால் எழுவது. புவியின் புலம் அங்கே வடக்கு நோக்கியிருப்பதால் இரண்டும் இணைந்து திறந்துகொள்கின்றன. சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டமான சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே பாய்கிறது. தெற்கு நோக்கிய புலம் இல்லையென்றால், எவ்வளவு வேகமாக வந்து மோதினாலும் பெரும்புயல் எழுவதில்லை. உள்ளே பாய்ந்த ஆற்றலில் ஒரு பகுதி, புவி மையத்திலிருந்து மூன்று முதல் எட்டு ஆரத் தொலைவில் மேற்கு நோக்கி ஓடும் வளைய மின்னோட்டமாகிறது. அந்த மின்னோட்டம் தரையில் உள்ள கிடைப்புலத்தைக் குறைக்கிறது. எவ்வளவு குறைந்தது என்பதை நடு, தாழ் அட்சங்களில் உள்ள நான்கு ஆய்வகங்களின் அளவுகளைக் கொண்டு கணக்கிடுவதே டி.எஸ்.டி. குறியீடு. 1989 மார்ச் புயலில் அது −589 நானோடெஸ்லாவுக்குச் சென்றது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் போனது அப்போதுதான். 2024 மேயில் அது −400ஐத் தாண்டியது. நம் ஊரில் கிடைப்புலம் ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா என்பதால், அவ்வளவு பெரிய புயலும் நூறில் ஒரு பங்கு மாற்றத்தையே உண்டாக்குகிறது. திசைகாட்டி முள்ளில் பார்த்தால் எதுவும் தெரியாது. கருவிக்குத் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. திருநெல்வேலிக் காந்தமானி காட்டும் வரைவில் வளைய மின்னோட்டத்தின் விளைவும் நமக்கு மேலே ஓடும் மின்தாரையின் விளைவும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரிக்க ஆய்வாளர்கள் கையாளும் முறை மிக எளிது, எனக்கு மிகவும் பிடித்தது. மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் 1904 முதல் ஒரு காந்த ஆய்வகம் இயங்குகிறது. அது மின்தாரையின் எல்லைக்கு வெகு வடக்கே இருப்பதால் அதன் விளைவு அங்கே எட்டுவதில்லை. ஆனால் வளைய மின்னோட்டம் மிகத் தொலைவில் ஓடுவதால் இரு ஊர்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிக்கிறது. எனவே திருநெல்வேலியின் ஏற்றத்திலிருந்து அலிபாக்கின் ஏற்றத்தைக் கழித்தால், மீதி நிற்பது மின்தாரை. மின்தாரையை ஓட்டுவதும் எஃப் அடுக்கின் பிளாஸ்மாவை மேலே ஏற்றுவதும் ஒரே கிழக்கு மின்புலம்தான். ஆக, தரையில் இரண்டு ஊர்களின் காந்த அளவைக் கழித்துப் பார்த்தே, 300 கிலோமீட்டர் உயரத்தில் பிளாஸ்மா ஏறுகிறதா இறங்குகிறதா என்று பகல் நேரத்தில் கணிக்க முடிகிறது.

இப்போது புயலின் முதல் அடியைப் பார்க்கலாம். சூரியக் காற்றின் புலம் தெற்கே திரும்பியதும் காந்தமண்டலத்தின் குறுக்கே ஒரு மின்புலம் எழுகிறது. அது துருவப் பகுதியில் நுழைந்து, வளைய மின்னோட்டம் அதைத் தடுத்து மறைப்பதற்குள், மிகக் குறைந்த நேரத்தில் காந்த நடுக்கோடு வரை ஊடுருவிவிடுகிறது. ஊடுருவும் புலம் பகலிலும் அந்தி நேரத்திலும் கிழக்கு நோக்கி இருக்கும். நள்ளிரவுப் பக்கத்தில் மேற்கு நோக்கி இருக்கும். எனவே பகல் பக்கத்து நாடுகளில் அது பிளாஸ்மாவை இன்னும் வேகமாக ஏற்றும்; இரவுப் பக்கத்தில் கீழே அழுத்தும். தெற்கு நோக்கிய புலம் சட்டென்று வடக்கே மாறினால் இவை இரண்டும் தலைகீழாகும். ஒரே புயல் ஒரே நொடியில் பெருவுக்கு ஒன்றும் நமக்கு அதற்கு நேர்மாறான மற்றொன்றும் செய்வது இதனால்தான்.

கிழக்கு மின்புலம் பலமாகி நெடுநேரம் நின்றால் ஊற்று பேரூற்றாகிறது. பிளாஸ்மா அதிக உயரத்துக்குப் போவதால் நீண்ட புலக்கோடுகளில் ஏறி, வழக்கத்தைவிட வெகு வடக்கிலும் தெற்கிலும் இறங்குகிறது. மேலே காற்று மெல்லியது. அயனியும் எலக்ட்ரானும் மீண்டும் இணைந்து மறையும் வினை அங்கே மிக மெதுவாக நடக்கிறது. கீழே காலியான இடத்தில் சூரிய ஒளி புதிதாக அயனிகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஏறியது அழியாமலும் புதியது பிறந்துகொண்டும் இருப்பதால் பகல் பக்கத்தில் மொத்த எலக்ட்ரான் அளவு பெருகுகிறது. 2003 அக்டோபர் 30 அன்று, 400 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் பறந்த சாம்ப் செயற்கைக்கோளுக்கு மேலே இருந்த எலக்ட்ரான் அளவு, நடு அட்சங்களில் அமைதி நாளைவிட 900 விழுக்காடு வரை கூடியது. அதே விசை நடுக்கோட்டின் மேல் நேர்மாறான காட்சியையும் உண்டாக்கும். 1989 மார்ச் புயலின் மாலையில், தென் அமெரிக்கப் பக்கம் 840 கிலோமீட்டர் உயரத்தில் சென்ற செயற்கைக்கோள், காந்த நடுக்கோட்டின் மேல் எலக்ட்ரான் அடர்த்தி வழக்கத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்திருந்ததைப் பதிவு செய்தது. அங்கிருந்த பிளாஸ்மாவைப் புயல் அதற்கும் மேலே தூக்கிக்கொண்டு போய், இருபுறமும் இறக்கிவிட்டிருந்தது. கூடுமா குறையுமா என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லக் கூடாது என்று நான் தொடக்கத்திலேயே எழுதியது இதற்காகத்தான்.

நம் வானத்துக்கு மிக நெருக்கமான சான்று 2015 மார்ச் 17ஆம் தேதிப் புயல். அது நம் நேரப்படி காலை பத்தேகால் மணியளவில் தொடங்கி, இங்கே சூரியன் மறையும் நேரத்திலும் உச்சம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அமைதியான நாள்களிலும் சூரியன் மறைந்த உடனே கிழக்கு மின்புலம் சற்று நேரம் எழும்பி, பிறகுதான் மேற்கே திரும்பும். அந்த எழுச்சியின் மேல் புயலின் ஊடுருவு புலமும் ஏறிக்கொண்டதால், இந்திய நெடுக்கோட்டில் எஃப் அடுக்கு 550 கிலோமீட்டருக்கும் மேலே தூக்கப்பட்டது. இவ்வளவு உயரத்தில், கனமான பிளாஸ்மாவின் அடியில் மெல்லிய பகுதி நிற்கும்போது அந்த அமைப்பு நிலைகுலைகிறது. அடியிலுள்ள மெல்லிய பகுதி குமிழ்களாக மேலே துளைத்துக்கொண்டு ஏறுகிறது. அன்று மாலை அந்தக் குமிழ்கள் நடுக்கோட்டின் மேல் 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றன. அவற்றின் இரு முனைகள் 25 பாகையைத் தாண்டிய காந்த அட்சங்களில் தெரிந்தன. அதே வேளையில், நமக்குக் கிழக்கே சிறிது தொலைவிலேயே உள்ள தாய்லாந்து, இந்தோனேசியா நெடுக்கோட்டில் அடுக்கு பெரிதாக உயரவில்லை. குமிழும் குறிப்பிடத்தக்க அளவில் எழவில்லை. அங்கே இரவு சற்று முன்னதாகவே வந்துவிட்டிருந்தது என்பதுதான் வேறுபாடு. புயலின் அளவைச் சொல்லும் எண்ணைவிட, அது எத்தனை மணிக்கு வந்தது என்பது நடுக்கோட்டு மக்களுக்கு முக்கியம் என்று நான் கருதுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2024 மே புயல் நம் நேரப்படி மே 10 இரவு பத்தரை மணியை ஒட்டித் தொடங்கி, மே 11 காலை எட்டு மணியை ஒட்டி உச்சத்தைத் தொட்டது. முதன்மைக் கட்டத்தின் பெரும்பகுதி நமக்கு இரவாகவும் அமெரிக்கக் கண்டங்களுக்கு நண்பகல், பிற்பகல், மாலையாகவும் இருந்தது. ஆகவே பேரூற்று எழ வேண்டிய நேரம் அவர்களுக்கு வாய்த்தது.

முதல் அடி சில நிமிடங்களில் வந்து சில மணி நேரம் நிற்பது. இரண்டாவது அடி மெதுவாக வருகிறது, நீடித்து நிற்கிறது. துருவப் பகுதிகளில் பாய்ந்த மின்னோட்டங்கள் அங்கே காற்றைச் சூடாக்குகின்றன. சூடேறிய காற்று விரிந்து நடுக்கோட்டை நோக்கி வீசுகிறது. அந்தக் காற்று காந்தப்புலத்தின் குறுக்கே அயனிகளை இழுத்துச் செல்வதால் புதிதாக ஒரு மின்புலம் பிறக்கிறது. பிளாங்க், ரிச்மண்ட் என்ற இருவர் 1980இல் விளக்கிய இந்த மின்புலம் அன்றாட மின்புலத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது: பகலில் மேற்கு, இரவில் கிழக்கு. புயல் தொடங்கிப் பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் மறுநாள், நம் மின்தாரை வலுவிழப்பதும் சில வேளைகளில் மேற்கு நோக்கித் திரும்பியே ஓடுவதும் இதனால்தான். ஊற்று அன்று படுத்துவிடும். மாலையில் எழ வேண்டிய எழுச்சியும் அடங்குவதால், புயலுக்கு மறுநாள் மாலை குமிழ் எழாமல் போவது உண்டு. ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு, வழக்கமாக எல்லாம் அமைதியாக இருக்கும் நேரத்தில், குமிழ் எழுவதும் உண்டு.

சூடேறிய காற்றின் மற்றொரு வேலைதான் மூன்றாவது கேள்விக்கு நம்மைக் கொண்டுசெல்கிறது. எஃப் அடுக்கில் ஆக்சிஜன் அணு அயனிகளைப் பிறப்பிக்கும் மூலப்பொருள். நைட்ரஜன் மூலக்கூறு அவற்றை அழிக்கும் பொருள். ஆக்சிஜன் அயனி நைட்ரஜன் மூலக்கூற்றோடு வினைபுரிந்து நைட்ரிக் ஆக்சைடு அயனியாக மாறினால், அது உடனே ஒரு எலக்ட்ரானைப் பிடித்து உடைந்து மறைந்துவிடும். சாதாரண நாள்களில் கனமான நைட்ரஜன் கீழே தங்கியிருக்கும். புயலில் கீழ்க்காற்று சூடேறி மேலெழும்போது அது நைட்ரஜனையும் சுமந்துகொண்டு எஃப் அடுக்குக்குள் நுழைகிறது. பிறப்பு குறைந்து அழிவு கூடுவதால் உயர், நடு அட்சங்களில் எலக்ட்ரான் அடர்த்தி ஒரு நாள், இரண்டு நாள், சில வேளை அதற்கும் மேலாகத் தாழ்ந்தே கிடக்கும். இதற்கு எதிர்மறை அயனிப்புயல் என்று பெயர். தாழ் அட்சங்களில் காற்று மேலிருந்து கீழே இறங்குவதால் ஆக்சிஜனின் பங்கு கூடி, அடர்த்தி கூடுவதும் காணப்படுகிறது.

அதே நேரத்தில் பிளாஸ்மா மண்டலத்துக்கு என்ன ஆகிறது? புவியோடு சேர்ந்து சுழலும் பிளாஸ்மாவை அதன் இடத்தில் வைத்திருப்பது புவிச் சுழற்சி தரும் மின்புலம். புயலின்போது காந்தமண்டலத்தின் குறுக்கே எழும் மின்புலம் வலுப்பெற்று, சுழற்சியின் ஆட்சி உட்பக்கம் சுருங்குகிறது. அந்த எல்லைக்கு வெளியே அகப்பட்ட பிளாஸ்மா உரிந்து, பிற்பகல் பக்கமாகச் சூரியனை நோக்கி நீண்ட வாலாக வெளியேறுகிறது. 2000இல் ஏவப்பட்ட இமேஜ் செயற்கைக்கோள், ஹீலியம் அயனிகள் சிதறடிக்கும் புற ஊதா ஒளியில் இந்த மண்டலம் முழுவதையும் படமெடுத்து, விளிம்பு உரிவதையும் வால் நீள்வதையும் காட்டியது. 2024 மே புயலில் ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் அளந்தது இன்னும் வியப்பானது. அமைதி நாளில் ஏறத்தாழ 44,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த விளிம்பு, ஏறத்தாழ 9,600 கிலோமீட்டர் வரை சுருங்கியது. மீண்டும் நிரம்ப நான்கு நாளுக்கு மேல் ஆனது.

பிளாஸ்மா மண்டலத்துக்குத் தனக்கென்று ஊற்றுக்கண் கிடையாது. அது நம் பக்கத்துக் குளங்களைப் போன்றது. கரை உடைந்தால் குளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்; திரும்ப நிரம்ப வேண்டுமானால் தாமிரவருணியிலிருந்து கால்வாய் வழியே தண்ணீர் வந்தாக வேண்டும்; அணைக்கட்டிலேயே தண்ணீர் இல்லாத வேளையில் கரையை அடைத்தும் பயனில்லை. இங்கே ஆறு என்பது கீழே உள்ள எஃப் அடுக்கின் ஆக்சிஜன் அயனி. அது மேல் அயனி மண்டலத்தில் நடுநிலை ஹைட்ரஜன் அணுவைச் சந்தித்து, தன் மின்னேற்றத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறது. அப்படிப் பிறக்கும் புரோட்டான் இலேசானது என்பதால் புலக்கோட்டின் வழியே மேலேறி மண்டலத்தை நிரப்புகிறது. புயலுக்குப் பிறகு இந்த வழியில் இரண்டு தடைகள் எழுகின்றன. எதிர்மறை அயனிப்புயலால் ஆக்சிஜன் அயனியே குறைந்திருக்கிறது. அத்தோடு, மேல்வளிமண்டலம் சூடேறியிருப்பதால் இலேசான ஹைட்ரஜன் அந்த உயரத்தில் மெலிந்திருக்கிறது. கொடுப்பதும் குறைவு, வாங்குவதும் குறைவு. கரையை உடைத்த புயலே ஆற்றையும் வற்றச் செய்துவிட்டது என்பதுதான் அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை.

நிரம்பும் காலம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு புலக்கோட்டுக் குழாயின் கொள்ளளவு, அதன் உச்சி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதன் நான்காம் அடுக்கையொட்டி வளர்கிறது. தொலைவு இரட்டித்தால் கொள்ளளவு பதினாறு மடங்கு. ஆகவே இரண்டரை ஆரத் தொலைவில் உள்ள குழாய் ஒரு நாளளவில் நிரம்பிவிடும். நான்கு ஆரத் தொலைவில் உள்ளதற்கு ஒரு வாரம் வரை ஆகும். அதற்குள் இன்னொரு புயல் வந்தால் மீண்டும் தொடக்கத்திலிருந்தே. வெளிப்புறக் குழாய்கள் முழுவதும் நிரம்பி நிற்பது அபூர்வம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நம் ஊருக்கு நேர் மேலே உள்ள புலக்கோடுகள் தாழ்வானவை. அவை இந்தியாவுக்குள்ளும் இந்தியப் பெருங்கடலுக்குள்ளும் இறங்கிவிடுபவை. உரிந்துபோகும் விளிம்புக்குத் தீனி கொடுக்கும் புலக்கோடுகளின் கால்கள் நடு அட்சங்களுக்கு மேலே ஊன்றியிருக்கின்றன. எனவே மேலே சொன்ன வறட்சி நமக்கு நேர் மேலே உள்ள மேல் அயனி மண்டலத்தின் வறட்சி அன்று. ஆனால் காந்த நடுக்கோட்டுத் தளத்தில் நிற்கும் நாம் நேர் மேலே பார்த்தால், அந்த வளையத்தின் குறுக்காகவே பார்க்கிறோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இடங்காட்டும் நம் நாட்டு நாவிக் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில். அவற்றின் அலை கீழே வரும் வழியில் பிளாஸ்மா மண்டலத்தையும் கடக்கிறது. பகலில் வழியெங்கும் உள்ள எலக்ட்ரான்களில் அதன் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவில் இருந்தாலும், அயனி மண்டலம் மெலிந்துவிடும் பின்னிரவில் பாதியை நெருங்கிவிடுகிறது.

ஹான்லேயின் சிவப்பும் இந்த உறவில் பிறந்ததுதான். சுருங்கிய பிளாஸ்மா மண்டலத்தின் விளிம்பில் வளைய மின்னோட்டத்தின் சூடான துகள்கள் உரசும்போது, அங்குள்ள குளிர்ந்த எலக்ட்ரான்கள் சூடேறுகின்றன. அந்த வெப்பம் புலக்கோட்டின் வழியே மேல் அயனி மண்டலத்துக்கு இறங்கி, ஆக்சிஜன் அணுவைத் தூண்டி, 630 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளியை எழுப்புகிறது. அது பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் எழுவதால், வெகு வடக்கே தோன்றினாலும் லடாக்கின் அடிவானத்தில் தெரிகிறது. நம் ஊருக்கு அது அடிவானத்துக்கும் கீழே.

நடைமுறையில் யாருக்கு என்ன பாதிப்பு என்றும் கேட்டிருந்தீர்கள். வழியிலுள்ள எலக்ட்ரான் அளவு ஓர் அலகு கூடினால், ஜி.பி.எஸ்ஸின் முதன்மை அலையில் 16 சென்டிமீட்டர் பிழை சேரும். அந்த அலகு என்பது ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தூணில் 10,000 லட்சம் கோடி எலக்ட்ரான்கள். சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் நூறு அலகு வரை போவது நம் நாட்டில் புதிதன்று. அது 16 மீட்டர். இரண்டு அலைவரிசைகளில் வாங்கும் கருவி இந்தப் பிழையைத் தானே கணக்கிட்டு நீக்கிவிடும். ஆனால் குமிழ்கள் எழும் மாலையில் அலையே நடுங்கி அறுபடுவதால் எந்தக் கணக்கும் உதவாது. நாங்குநேரிப் பக்கமோ ராதாபுரம் பக்கமோ ரோவர் என்னும் ஜி.பி.எஸ். கருவியோடு நிலம் அளக்கும் நண்பர்கள், மாலை ஏழரை மணிக்கு மேல் ஃபிக்ஸ் (துல்லியமான இடம்) கிடைக்காமல் ஃப்ளோட்டிலேயே (தோராய இடத்திலேயே) நிற்கிறது என்று சொல்வது பெரும்பாலும் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான். குமிழ்கள் நம் நெடுக்கோட்டில் மிகுந்து எழும் மாதங்களும் அவையே. கருவி பழுது என்று உடனே முடிவு கட்டாமல், அன்று பகலில் புயல் தொடங்கியிருந்ததா என்று பார்ப்பது நல்லது. பகலில் அளந்து முடிப்பது அதைவிட நல்லது.

செயற்கைக்கோள்களைப் பொறுத்தவரை, சூடேறி விரிந்த நடுநிலைக் காற்றின் இழுவையே முதல் கவலை. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை, நடுத்தரமான ஒரு புயலுக்கே, தாழ்ந்த தொடக்கப் பாதையிலிருந்து மீள முடியாமல் எரிந்து விழுந்தன. குலசேகரன்பட்டினத்திலிருந்து சிறிய செயற்கைக்கோள்கள் புறப்படத் தொடங்கும்போது, அவற்றை அனுப்புகிறவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தரலாம். அடுத்த புயல் அறிவிப்பு வரும்போது மூன்று நேரங்களை நம் நேரப்படி குறிக்கச் சொல்லுங்கள்: புயல் மோதிய நேரம், சூரியக் காற்றின் புலம் தெற்கே திரும்பிய நேரம், டி.எஸ்.டி. மிகக் கீழே சென்ற நேரம். சூரியக் காற்றின் அளவுகள் புவிக்கு முன்னே 15 லட்சம் கிலோமீட்டரில் நிற்கும் விண்கலங்களிலிருந்து கிடைக்கின்றன. நம் ஆதித்யா எல்-1 2024 ஜனவரி 6 முதல் அங்கேதான் இருக்கிறது. புலம் தெற்கே திரும்பிய நேரம் இங்கே பகலா, அந்தியா, பின்னிரவா என்று பார்த்து, எஃப் அடுக்கு ஏறும் என்றோ இறங்கும் என்றோ முன்கூட்டியே எழுதிவைக்கட்டும். பகல் என்றால், பிறகு திருநெல்வேலி, அலிபாக் அளவுகள் கிடைக்கும்போது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, எழுதிவைத்தது சரியா என்று அவர்களே சரிபார்க்கலாம். மறுநாள் நண்பகல் அளவையும் தவறாமல் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்; சூடேறிய காற்றின் எதிர் மின்புலம் தெரிவது அன்றுதான்.